நெய்யை நிறுத்தச் சொன்னார்கள்

"எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது மேடம்."

சென்னையில் பதினாறு வருடமாகக் குழந்தைகளுக்கான டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லாத அம்மாவே இல்லை. பாதிப் பேருக்குப் பிள்ளையின் எடை சரியாகத்தான் இருக்கும்; பக்கத்து வீட்டுப் பிள்ளை கொஞ்சம் புஷ்டியாக இருப்பதுதான் கவலை. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் காட்டி, சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் பெரம்பூர் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவும் இதையேதான் சொன்னார். அவர் மடியிலிருந்த பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. எடை 7 கிலோ 400 கிராம். வயிறு உப்பியிருந்தது. பின்பக்கம் சதையே இல்லாமல் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் அவன் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முடித்துவிட்டு அம்மாவின் பையைத் துழாவ ஆரம்பித்தான். சாப்பிட மறுக்கிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவன் வேண்டி வேண்டிச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்துக்கொண்டிருந்தான்.

கூட வந்திருந்த ஆயா, அதாவது அவன் பாட்டி, அவனை ராசா என்று கூப்பிட்டார். நானும் இங்கே ராசா என்றே எழுதுகிறேன். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

"வெளிக்கு எப்படிப் போறான்?" என்று கேட்டேன். அம்மா தயங்கினார். ஆயாதான் பதில் சொன்னார். "எண்ணெய் மாதிரி மிதக்கும் டாக்டரம்மா. நாலு வாளி தண்ணி ஊத்தினாலும் போகாது. நாத்தம் தெரு முனை வரைக்கும் வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே இன்னொன்றும் சொன்னார்: "இவனுக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்கும். வெய்யில்ல விளையாடிட்டு வந்தா நெத்தியில வெள்ளையா பூத்திருக்கும்."

அந்த ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நோயின் பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதற்குள் ராசாவுக்கு மாந்தத்துக்கு உரை மருந்து கொடுத்தாகிவிட்டது, சவலை என்று மந்திரித்தாகிவிட்டது, விடாத இருமலுக்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) என்று ஆறு மாதம் மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது. டாக்டர் வியர்வைப் பரிசோதனைக்கு எழுதினார். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தாண்டினால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எஃப்.) என்று எடுத்துக்கொள்வார்கள். ராசாவுக்கு 100க்கு மேல் இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதற்கடுத்து அந்த அம்மா சொன்னதுதான். முன்பு காட்டிய ஓர் இடத்தில், மலத்தில் எண்ணெய் போவதைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு செரிக்கலை, எண்ணெய் நெய் எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு வெறும் அரிசிக் கஞ்சி, இட்லி, ரசம் சாதம். "ஒரு சொட்டு எண்ணெய் கண்ணுல காட்டலை மேடம்" என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்த அம்மாவின் பெருமை. அதை எப்படி உடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நோயில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஏழாவது குரோமோசோமில் சிஎஃப்டிஆர் என்று ஒரு மரபணு இருக்கிறது. 1989இல் கண்டுபிடித்தார்கள். உடம்பின் குழாய்களிலும் பைகளிலும் உள்சுவரில் உப்பும் தண்ணீரும் போய்வர ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைச் செய்வது இந்த மரபணு. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதானது வந்தால் கதவு சரியாக வேலை செய்யாது. தண்ணீராக ஓட வேண்டியது கோந்தாகிவிடும். நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுக் கிருமி குடியேறும். கணையத்தின் குழாய்கள் அடைத்துப்போய், கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் குடலுக்கே வந்து சேராது. நூறு நோயாளிகளில் சுமார் 85 பேருக்கு இந்த நிலைமை. சாப்பிட்ட நெய் நெய்யாகவே வெளியே போய்விடும். "ஒட்டலை" என்று அம்மாக்கள் சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. இதோடு இரவு பகலாக இருமுவதற்கும் காய்ச்சலோடு போராடுவதற்கும் உடம்பு கூடுதலாகச் செலவழிக்கிறது. ஒரு பக்கம் ஓட்டை, இன்னொரு பக்கம் செலவு.

ராசாவின் அப்பாவுக்கு அம்மா சொந்த மாமன் மகள். சொந்தத்தில் கட்டினால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் சொந்தமே இல்லாத தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. இதை வீட்டுப் பெரியவர்கள் முன்னால், அந்த அம்மாவின் காதில் விழும்படிச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

எண்ணெயை நிறுத்தச் சொன்ன அந்த இடத்தின் மேல் எனக்கு அன்று வந்த கோபம் அப்புறம் கொஞ்சம் தணிந்தது. காரணம், உலகமே ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறது. இந்த நோயைத் தனி நோயாகப் பிரித்து முதலில் விவரமாக எழுதியவர் நியூயார்க்கில் இருந்த டோரதி ஆண்டர்சன், 1938இல். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் இந்தப் பிள்ளைகளுக்குக் கொழுப்பைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். வெளியே போவது கொழுப்பு, அதனால் உள்ளே அனுப்பாதே என்ற கணக்கு. 1970களில் கனடாவின் டொரன்டோவில் குரோசியர் என்ற மருத்துவர் அதைத் திருப்பிப் போட்டார். வெண்ணெய், முழுப் பால் எல்லாம் கொடுங்கள், கூடவே நொதி மாத்திரையையும் நிறையக் கொடுங்கள் என்றார். பிற்பாடு டொரன்டோவையும் அமெரிக்காவின் பாஸ்டனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1988இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு ஊர் நோயாளிகளின் நுரையீரலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் டொரன்டோ பிள்ளைகள் உயரமாகவும் எடையோடும் இருந்தார்கள். அங்கே சராசரி ஆயுள் 30 வயது, பாஸ்டனில் 21. ஒன்பது வருட வித்தியாசம். அதற்கப்புறம்தான் மற்ற ஊர்களும் மாறின.

ஆக, ராசாவுக்கு நெய்யை நிறுத்தச் சொன்ன யோசனை உலகம் முப்பது வருடம் முன்பே கைவிட்ட யோசனை. தட்டிலிருந்து கொழுப்பை எடுப்பது வைத்தியமே இல்லை. அதைச் செரிக்க வைப்பதுதான் வைத்தியம். அவன் அம்மாவிடம் இதைச் சொல்லும்போது, "நீங்க செஞ்சது தப்பில்ல, உங்களுக்குச் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். அவர் அழவில்லை. "இன்னிக்கு ராத்திரியே நெய் ஊத்தலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் நான் ஒரு தப்புச் செய்தேன்.

அச்சடித்த ஒரு சார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து நாங்கள் தயாரித்தது. சீஸ், வெண்ணெய் தடவிய டோஸ்ட், அவகாடோ, மில்க் ஷேக். நொதி மாத்திரைக்கு நேரே 'உணவோடு கொடுக்கவும்' என்று இருந்தது. அவர் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனார். மூன்று மாதத்தில் ராசாவின் எடை இருநூறு கிராம்தான் ஏறியது. டாக்டரிடம் பேசி மாத்திரையின் அளவைக் கூட்டினோம். மறுபடி கூட்டினோம். முள் நகரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது, விலை அதிகம் என்பதால் மாத்திரையை மிச்சம் பிடிக்கிறாரோ என்று. "ஒழுங்கா குடுக்கறீங்களா இல்லையா?" என்று கேட்டேவிட்டேன். "சாமி சத்தியமா குடுக்கறேன் மேடம்" என்றார். நான் நம்பவில்லை. அந்தத் தொனியை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. சித்திரை வெயில். ராசாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, ஆவி பறக்க வைத்திருந்தார். அலமாரியின் மேல்தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கூரைக்கு ஒரு சாண் கீழே மாத்திரை டப்பா. பிள்ளைக்கு எட்டக் கூடாது என்று அவ்வளவு உயரத்தில். கையில் வாங்கினேன், டப்பா சுட்டது. அந்த மாத்திரையை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கும்.

அவர் ஒரு கேப்சூலை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் திருகினார். உள்ளேயிருந்து கசகசா மாதிரி சின்னச் சின்ன மணிகள், வெளிர் பழுப்பு நிறத்தில், சூடான கஞ்சியின் மேல் விழுந்தன. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் ஒவ்வொரு மணியாக நசுக்கத் தொடங்கினார். அவசரமே இல்லை. கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்றையும் விடாமல் இழுத்து வந்து நசுக்கினார். ஒரு மணிகூடத் தெரியாத அளவுக்குக் கரைத்த பிறகுதான் நிமிர்ந்தார். "தொண்டையில சிக்கிடக் கூடாதில்ல மேடம். நீங்கதானே சாப்பாட்டோட குடுக்கச் சொன்னீங்க" என்றார்.

நான்தான் சொன்னேன். 'உணவோடு'.

அந்த மணிகளின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. வயிற்றின் அமிலத்தில் நொதி செத்துப்போகாமல் காப்பாற்றி, குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கரைந்து வழிவிடுகிற பூச்சு. நசுக்கினால் அது போச்சு. சூடான கஞ்சியிலும் பாலிலும் ஊறப்போட்டாலும் போச்சு. ராசாவின் வயிற்றுக்குள் போனது பெரும்பாலும் வேலைக்காகாத தூள். ஐந்து மாதமாக அந்த அம்மா கடன் வாங்கி வாங்கிய மாத்திரையை, என் ஒரு வார்த்தையை நம்பி, அத்தனை பொறுமையாக, அத்தனை அன்பாக வீணாக்கியிருக்கிறார். இது புரியாமல் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். அதில் ஆபத்தும் உண்டு. அளவுக்கு மீறி நொதி கொடுத்த பிள்ளைகளுக்குப் பெருங்குடல் சுருங்கிப்போவதை 1994இல் கண்டுபிடித்தார்கள். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 500 முதல் 2,500 யூனிட் லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி), ஒரு நாளைக்கு மொத்தம் கிலோவுக்கு 10,000ஐத் தாண்டக் கூடாது என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து செய்து காட்டினேன். அரை ஸ்பூன் வாழைப்பழத்தை மசித்து, மணிகளை அதன் மேல் தூவி, மெல்ல விடாமல் அப்படியே விழுங்க வைத்து, மேலே இரண்டு மடக்குத் தண்ணீர். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மணி எதுவும் தங்கியிருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும்; தங்கினால் வாய் புண்ணாகிவிடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கஞ்சி. கஞ்சி குடிக்க ரொம்ப நேரம் எடுத்தால் மாத்திரையைப் பாதி முதலிலும் பாதி நடுவிலும் கொடுக்கலாம். மருந்தாளுநரிடம் கேட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் படாமல் வைக்கக் கீழ் வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜில் ஓர் ஓரம் ஏற்பாடு செய்தோம்.

ஒன்றரை மாதத்தில் எழுநூறு கிராம் ஏறினான். ஆயா எனக்குப் போன் போட்டு, "வாளித் தண்ணி ஒண்ணு போதும்மா இப்ப" என்றார். ஒரு டயட்டீஷியனுக்கு அதைவிட நல்ல சேதி இருக்க முடியாது.

அன்றிலிருந்து, எடை ஏறவில்லை என்று ஒரு சி.எஃப். பிள்ளை வந்தால், அம்மாவை எதுவும் கேட்பதற்கு முன் மாத்திரை கொடுப்பதைச் செய்து காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, கைகள் செய்வது வேறு. எங்கள் தொழிலில் புதிதாக வருகிற பெண்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். எடை ஏறாததற்கு மாத்திரை, உப்பு, கிருமி, சர்க்கரை, காசு என்று எத்தனையோ காரணம் இருக்கும்போது, "நீங்க சரியாக் கவனிக்கலை" என்பது நம் வாயில் முதலில் வரக் கூடாது.

சார்ட்டையும் தூக்கிப் போட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு அதே வயதுப் பிள்ளையைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். 110 முதல் 200 சதவீதம் வரை என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வர வேண்டும். இதைக் கேட்டுச் சீஸும் அவகாடோவும் தேட வேண்டியதே இல்லை. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6. பாக்கெட்டின் நிறத்தை மாற்றினாலே ஒரு டம்ளர் பால் வேறு டம்ளராகிவிடும். இட்லிப் பொடிக்கு நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விடுவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ரசம் சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி. நூறு கிராம் வேர்க்கடலையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. கடலை உருண்டையைவிட மலிவான டானிக் எனக்குத் தெரியாது. முட்டை, மத்தி, தேங்காய்ப் பால் விட்ட சொதி, பொங்கல். ராசாவின் அம்மாவோடு உட்கார்ந்து, அவர் ஏற்கனவே சமைப்பதை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இதில் எதைக் கூட்டலாம்' என்று அவரையே சொல்லச் சொன்னேன். அந்தத் தாள் அவர் கையெழுத்தில் இருந்தது. பர்ஸுக்குள் போகாமல் சமையல் மேடைச் சுவரில் ஒட்டப்பட்டது.

நொறுக்குத்தீனிதான் சிக்கல். முறுக்கு, வடை, பிஸ்கட், ஒரு டம்ளர் பால் எதுவானாலும் கொழுப்பு இருந்தால் மாத்திரை வேண்டும். பழம், இளநீர், வெறும் கற்கண்டுக்கு வேண்டாம். ராசா மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்த சமயம் காலை உணவுத் திட்டம் வந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மதியம் முட்டை வேறு. ஆனால் மாத்திரை வீட்டில்! ஒரு மாதத்தில் மறுபடி வயிற்று வலி, மறுபடி எண்ணெய். வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசினோம். அந்த டீச்சர் தன் கைப்பையில் ஒரு குட்டி டப்பா வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மூன்று வருடம் அவர்தான் கொடுத்தார். அவருக்கு இது வேலையே இல்லை.

மாத்திரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. இதைச் சொல்லாமல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீணாகக் குழப்புவானேன் என்று. நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். திருவல்லிக்கேணியிலிருந்து வரும் ஒரு குடும்பம் தங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தது. உயிர் காக்கும் மருந்து, வேறு வழி இல்லாதபோது கொடுக்கலாம் என்று அவர் சொன்னாராம். சைவக் குடும்பங்களும் யோசித்துவிட்டு வருவார்கள். மறைத்துவிட்டு, ஒரு நாள் அட்டையைப் படித்துத் தெரிந்துகொண்டால், மாத்திரையோடு சேர்த்து நம்மையும் விட்டுவிடுவார்கள்.

இனி உப்பு. சென்னையில் சி.எஃப். பார்க்கிறவர்களுக்குக் கத்திரி வெயில் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்தப் பிள்ளைகளின் வியர்வையில் உப்பு அப்படியே போய்விடுகிறது. 1948இல் நியூயார்க்கில் ஒரு வெப்ப அலை வந்தபோது, சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் சி.எஃப். குழந்தைகள் அதிகம் இருந்தார்கள். அதைக் கவனித்த டி சான்ட்அக்னீஸ் என்ற மருத்துவர்தான் வியர்வையில் உப்பு கூடுதலாக இருப்பதை 1953இல் எழுதினார். இன்றைய வியர்வைப் பரிசோதனை அங்கிருந்து வந்ததுதான். அவர்களுக்கு அது ஒரு கோடையில் வந்த வெப்ப அலை. நமக்கு அது வருடா வருடம் வருகிற மே மாதம்.

கைக்குழந்தை என்றால் இன்னும் மோசம். தாய்ப்பாலில் உப்பு குறைவு. பேதி இருக்காது, ஆனாலும் குழந்தை துவண்டு, கண் குழி விழுந்து வரும். ரத்தம் பார்த்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கியிருக்கும். நம் நாட்டில் பல குழந்தைகளுக்கு இப்படி ஒரு கோடையில்தான் நோயே தெரிய வருகிறது. ஆனால் ஒரு வயதுக்குள் உப்பே காட்டாதே என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறோம். மற்றக் குழந்தைகளுக்கு அது சரி. சி.எஃப். என்று உறுதியான கைக்குழந்தைக்கு, டாக்டர் சொல்லும் அளவில், நாள் முழுதும் பிரித்து உப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஆறு மாதம் வரை மொத்தம் டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, அதற்கு மேல் கால் டீஸ்பூன் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அளக்கும்போது தூளுப்பா கல்லுப்பா என்று கேட்காமல் விடமாட்டேன். ஒரே ஸ்பூனில் இரண்டுக்கும் எடை ஒன்றில்லை. பெரிய பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது: உப்புப் போட்ட மோர், ஊறுகாய், அப்பளம், உப்புக் கண்டம், கருவாடு. உப்பும் தண்ணீரும் குறைந்தால் இந்தப் பிள்ளைகளுக்குச் சில சமயம் குடலே அடைத்துக்கொள்ளும். அதனால் ராசா ஊறுகாயை நக்கினால் திட்டாதீர்கள் என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது.

வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்து போகிறவை. தனியாகக் கொடுக்க வேண்டும், வருடம் ஒரு முறை ரத்தத்தில் பார்க்க வேண்டும். அதில் விவாதம் ஒன்றும் இல்லை.

விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. டயட்டீஷியன்களுக்குள் இப்போது இரண்டு பேச்சு. எடை ஏறினால் போதும், சிப்ஸோ ஐஸ்கிரீமோ எதையாவது தின்னட்டும் என்பது பழைய பேச்சு. எந்தக் கொழுப்பு என்று பார், காய்கறியும் கொடு, வயதுக்கேற்ற நல்ல சாப்பாடே அடிப்படை என்பது புதியது. வெளிநாடுகளில் இது சூடு பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. 2012இல் முதல் மருந்தும் 2019இல் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையும் அங்கே வந்தன. பழுதான அந்தக் கதவையே சரிசெய்கிற மருந்துகள். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு எடை கடகடவென ஏறுகிறது. ஒரு காலத்தில் வெண்ணெயைத் திணித்தவர்கள் இப்போது உடல் பருமனைப் பற்றிப் பேசுகிறார்கள். அது அவர்களின் கவலை, நியாயமான கவலை.

நம் நிலைமை வேறு. அந்த மாத்திரை அமெரிக்காவில் வந்தபோது அதன் விலை வருடத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். என்னிடம் வருகிற குடும்பங்களுக்கு அது நிலா. தவிர, அது முக்கியமாகக் குறிவைக்கிற எஃப்508டெல் என்ற மரபணுப் பழுது மேற்கே இருக்கிற அளவுக்கு நம் பிள்ளைகளிடம் இல்லை. ஆகவே எங்களுக்கு நெய்யும் நொதியும் உப்பும்தான் இன்னும் மருந்து. ஆனால் புதிய பேச்சிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: பேக்கரி பப்ஸிலும் வனஸ்பதியிலும் எடையை ஏற்ற வேண்டாம். கடலையும் மீனும் நல்லெண்ணெயும் இருக்கிற ஊரில் அதற்குத் தேவையே இல்லை.

இன்னொன்றில் என் கருத்துக் கடுமையானது. எவ்வளவு முயன்றும் எடை ஏறாத பிள்ளைகளுக்கு வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைத்து இரவில் தூங்கும்போது சத்துப் பானம் கொடுக்கலாம். நல்ல வழி அது. ஆனால் நாம் அதை எப்படிச் சொல்கிறோம்? "சாப்பிடலைன்னா டியூப் போட்டுடுவாங்க" என்று. பூச்சாண்டி மாதிரி. இரண்டு வருடம் அப்படிப் பயமுறுத்திவிட்டு, மூன்றாவது வருடம் நிஜமாகவே தேவைப்படும்போது அந்தப் பிள்ளை அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த வார்த்தையை என் அறையில் யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

சாப்பாட்டு நேரம் பல வீடுகளில் போர்க்களமாகிவிடுகிறது. கிண்ணத்தோடு மாடிக்கும் கீழுக்கும் ஓடி, போனைக் காட்டி, ஒன்றரை மணி நேரம். அதற்குள் மாத்திரையின் வேலையே முடிந்துபோகும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தால் இருக்கட்டும், அடுத்த வேளை இருக்கிறது என்று நான் சொல்லும்போது அம்மாக்கள் முகத்தில் ஒரு நம்பிக்கையின்மையும் ஒரு நிம்மதியும் சேர்ந்து வரும். ஒரு பிடி சோறு கீழே போனாலே தன்னால்தான் பிள்ளை இளைத்தது என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

வளர்ந்த பெண்களுக்கு வேறு கதை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், "எவ்வளவு தின்னாலும் ஒல்லியா இருக்கேன்னு எல்லாரும் பொறாமைப்படறாங்க மேடம்" என்றாள். கொஞ்ச நாளில் அவளாகவே மதிய மாத்திரையை விட்டுவிட்டாள். ஹாஸ்டலில் எல்லார் முன்னாலும் கேப்சூல் விழுங்கவும் கூச்சம். பெரியவர்களில் பெண்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 22, ஆண்களுக்கு 23 இருக்க வேண்டும் என்பது இலக்கு. எடை இருந்தால்தான் நுரையீரல் தாங்கும். அவளிடம் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள்.

ராசாவுக்கு இப்போது பத்து வயது. 27 கிலோ. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வடை, பாயசம், அப்பளம் என்று விரல் மடக்கி எண்ணி, "நாலு" என்று அம்மாவிடம் கை நீட்டுகிறான். கேப்சூலைத் திறக்க வேண்டியதில்லை, முழுசாகவே விழுங்குகிறான்.

பத்து வயதிலிருந்து வருடா வருடம் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கணையம் பழுதாகிக்கொண்டே வருவதால் இந்த நோயோடு ஒரு சர்க்கரை வியாதியும் வரலாம். அது வந்தாலும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது; இன்சுலின் போட்டு, சாப்பாட்டை அப்படியே தொடர வேண்டும். ஆயாவுக்கும் சர்க்கரை. அவர் பத்து வருடமாகக் காபியில்கூட இனிப்புச் சேர்ப்பதில்லை. அந்த வீட்டில் சர்க்கரை என்றால் பட்டினி, சர்க்கரை என்றால் சப்பாத்தி. ராசாவுக்கு டெஸ்ட் எழுதியிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே ஆயா கடலை உருண்டை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாராம்.

டெஸ்ட் வரும் வியாழக்கிழமை. அதற்கு முன்னால் ஒரு தடவை அந்த மாடிக்குப் போய், ஆயாவோடு உட்கார்ந்து பேசி, அந்த டப்பாவைக் கீழே இறக்க வேண்டும்.